பட்டாவில் அவள் பெயர்

(கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனின் வாழ்வும் பணியும் குறித்து மகளிர் கல்லூரி ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பெண்ணுரிமை பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தீர்கள். கொள்கைகளை அடுக்குவதைவிட ஒரு வாழ்க்கையைச் சொல்வது பயன் தரும் என்று நினைக்கிறேன். நம் கிராமத்து மண்ணிலிருந்து எழுந்து, எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஓயாமல் உழைத்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனின் வாழ்க்கை அது. அவரைக் காந்தியவாதி என்கிறோம், சர்வோதயத் தொண்டர் என்கிறோம், விருதுகளைப் பட்டியலிட்டுக் கைதட்டுகிறோம். ஆனால் பெண்விடுதலைக்கு அவர் செய்த பெருஞ்செயலை நாம் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. ஆயிரக்கணக்கான கூலிப் பெண்களின் பெயரை அவர் நிலப் பட்டாவில் ஏற்றினார். அதன் பொருள் எவ்வளவு ஆழமானது என்பதைத்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

1926ஆம் ஆண்டு, வத்தலக்குண்டு பக்கத்தில் அய்யன்கோட்டை என்ற கிராமத்தில், நிலமில்லாத ஒரு தலித் குடும்பத்தில் பிறந்தார் கிருஷ்ணம்மாள். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். தாய் நாகம்மாள் கூலி வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். நிறைமாத வயிற்றோடும் வேலைக்குப் போக வேண்டிய நிலை அந்தத் தாய்க்கு இருந்தது. வயலில் விளைவதில் பெரும்பங்கு உழைப்பு தன் தாயுடையது, ஆனால் வயலில் ஒரு கைப்பிடி மண்கூட அவளுக்குச் சொந்தமில்லை. இந்த அநியாயத்தை அவர் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, வீட்டு வாசலிலேயே பார்த்தார்.

அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட குடும்பத்துப் பெண் பள்ளிக்கூடம் போவதே அரிது. கிருஷ்ணம்மாள் மதுரையில் தங்கிப் படித்துப் பட்டம் பெற்றார். அவருக்குத் துணை நின்றவர் டாக்டர் சௌந்தரம். டி.வி.எஸ். நிறுவனரின் மகள், இளம் வயதில் கணவனை இழந்தவர், மருத்துவம் படித்து, மறுமணம் செய்துகொண்டு, பின்னாளில் கணவர் ஜி. ராமச்சந்திரனோடு சின்னாளபட்டி அருகே காந்திகிராமத்தை உருவாக்கியவர். மாணவிகள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். வசதியான குடும்பத்தில் பிறந்த ஒரு பெண், கூலிக் குடும்பத்துப் பெண் ஒருத்திக்குப் படிப்பின் கதவைத் திறந்துவிட்டார். அப்படிப் படித்த கிருஷ்ணம்மாள் அந்தக் கதவைத் தனக்குப் பின்னால் சாத்திக்கொள்ளாமல், ஆயிரம் பெண்களுக்குத் திறந்துவைத்தார்.

1946இல் காந்தியடிகள் மதுரைக்கு வந்தபோது அவரைப் பக்கத்தில் இருந்து பார்க்கும் வாய்ப்பு கிருஷ்ணம்மாளுக்குக் கிடைத்தது. சங்கரலிங்கம் ஜெகந்நாதனைச் சந்தித்ததும் சர்வோதயப் பணியின் வழியாகத்தான். ஜெகந்நாதன் ராமநாதபுரம் மாவட்டத்தின் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். காந்தியின் அழைப்பைக் கேட்டுக் கல்லூரிப் படிப்பை விட்டவர், 1942 போராட்டத்தில் சிறை சென்றவர். நாடு விடுதலை பெற்ற பிறகே மணம் செய்துகொள்வது என்று இருவரும் உறுதி எடுத்துக்கொண்டு, 1950 ஜூலையில் மணந்தார்கள். இன்றைக்கும் சாதி மறுத்து மணந்தவர்களை வெட்டிச் சாய்க்கும் நாட்டில், எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தலித் பெண்ணும் ஆதிக்க சாதி இளைஞரும் இணைந்து, அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே பணியில் தோளோடு தோள் நின்றார்கள். 2013 பிப்ரவரியில் ஜெகந்நாதன் மறையும் வரை அந்த இணை பிரியவில்லை.

1951 ஏப்ரல் 18ஆம் நாள் தெலங்கானாவின் போச்சம்பள்ளியில், நிலத்தைத் தானமாகக் கேட்கும் பூதான இயக்கம் பிறந்தது. ஊர்த் தலித் மக்கள் காந்தியின் சீடர் வினோபா பாவேயிடம் 80 ஏக்கர் நிலம் வேண்டும் என்றார்கள். அங்கேயே எழுந்து நின்ற நிலவுடைமையாளர் ராமச்சந்திர ரெட்டி 100 ஏக்கர் தருவதாகச் சொன்னார். அந்த ஒரு கூட்டத்திலிருந்து நாடு தழுவிய நடைப்பயணம் கிளம்பியது. ஜெகந்நாதன் வடக்கே போய் வினோபாவோடு நடந்தார். கிருஷ்ணம்மாள் சென்னையில் ஆசிரியப் பயிற்சியை முடித்துவிட்டு அவரும் அந்த நடையில் சேர்ந்தார். ஊர் ஊராகப் போய், நிலம் உள்ளவரிடம் நிலம் கேட்டு, இல்லாதவருக்குப் பங்கிட்டார்கள்.

பூதானத்தைப் பற்றி நேர்மையாகப் பேச வேண்டும். இலட்சக்கணக்கான ஏக்கர் எழுதிக் கொடுக்கப்பட்டது. அதில் கணிசமான பகுதி பாறையும் கரடும் வழக்கில் கிடந்த நிலமுமாக இருந்தது. வாக்குக் கொடுத்ததில் நிறைய, ஏழையின் கைக்கு வந்து சேரவே இல்லை. கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் இதைக் கண்ணெதிரே பார்த்தார்கள். பார்த்து மனம் விட்டுவிடவில்லை, கொள்கையைக் குறை சொல்லி ஒதுங்கவும் இல்லை. கொடுப்பவரின் இரக்கத்தை மட்டும் நம்பினால் போதாது, வாங்குபவர் நிமிர்ந்து நின்று கேட்கவும் வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். அடுத்த ஐம்பது ஆண்டுகளின் பணி முழுவதும் இந்த முடிவிலிருந்து பிறந்ததுதான்.

அந்தப் பணிக்கான இடத்தைக் காட்டியது ஒரு கொடுமை. 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, அன்றைய கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில், கூலியாகக் கூடுதலாக அரைப்படி நெல் கேட்டுச் செங்கொடியின் கீழ் திரண்ட விவசாயத் தொழிலாளர்களின் சேரி தாக்கப்பட்டது. ஒரே குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களை உயர் நீதிமன்றம் பிறகு விடுவித்தது. செய்தி கேட்டுக் கீழ்வெண்மணிக்குப் போன கிருஷ்ணம்மாள், தன் வாழ்வின் எஞ்சிய காலம் அந்த மண்ணுக்குத்தான் என்று முடிவு செய்தார். மதுரைப் பக்கத்தை விட்டுக் காவிரியின் கடைமடைக்குக் குடிபெயர்ந்தார்.

அந்தக் கடைமடை எப்படிப்பட்டது? தமிழகத்துக்கே நெல் விளைவிக்கும் மண். ஆனால் நிலம் மிராசுதார்கள் கையிலும் கோயில், மடம், அறக்கட்டளைகளின் பெயரிலும் இருந்தது. நில உச்சவரம்புச் சட்டம் 1961இல் வந்தது, ஒரு குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்றது. 1970இல் அது 15 ஆகக் குறைக்கப்பட்டது. சட்டம் வருவதற்கு முன்பும் வந்த பிறகும் பினாமிப் பெயர்களிலும் அறக்கட்டளைப் பெயர்களிலும் நிலம் ஒளிந்துகொண்டது. உழைப்பின் பக்கம் பாருங்கள். நாற்றுப் பறிப்பதும் நடவு நடுவதும் களை எடுப்பதும் பெண்கள். சேற்றில் நாள் முழுக்கக் குனிந்து நிற்கும் அந்த வேலைக்கு ஆணைவிடக் குறைந்த கூலி. சாதியால் கீழே, கூலியால் கீழே, வீட்டுக்குள் மறுபடியும் கீழே. மூன்று சுமையையும் ஒரே உடம்பு சுமந்தது.

கிருஷ்ணம்மாள் அந்தப் பெண்களோடு தங்கினார். அவர்களுடைய குடிசையில் படுத்தார், அவர்கள் உண்டதை உண்டார். வலிவலம் முதலான ஊர்களில் அறக்கட்டளை நிலங்களுக்காக நடந்த சத்தியாகிரகங்களில் பெண்களே முன்வரிசையில் நின்றார்கள். சிறைக்கும் போனார்கள். 1970களில் கணவரும் அவரும் பீகாரில் ஜெயப்பிரகாஷ் நாராயணன் தலைமை தாங்கிய இயக்கத்திலும் பணி செய்தார்கள். அந்த இயக்கத்தில் வளர்ந்த இளைஞர்கள் போத்கயாவில் ஒரு பெரிய மடத்தின் நிலத்துக்காகப் போராடியபோது, கிடைக்கும் நிலம் எங்கள் பெயருக்கும் வர வேண்டும் என்று கூலிப் பெண்கள் எழுந்து கேட்டார்கள், பெற்றார்கள். இந்திய நிலப் போராட்டங்களின் வரலாற்றில் அது ஒரு திருப்பம்.

1981இல் கணவனும் மனைவியும் உழுபவனின் நில உரிமை இயக்கத்தைத் தொடங்கினார்கள். அதன் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி லாப்டி என்று அழைப்பார்கள். அதன் செயல்முறையை நீங்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். நிலச்சொந்தக்காரரையும் நிலமற்றவர்களையும் ஒரே பாயில் உட்கார வைப்பது முதல் வேலை. நியாயமான விலை பேசி முடிப்பது அடுத்தது. அந்த விலைக்கு வங்கிக் கடன் ஏற்பாடு செய்து, நிலத்தைக் குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் என்று பிரித்து, தனித்தனியாகப் பத்திரம் பதிவது அதற்கடுத்தது. பிறகு கூட்டாகப் பயிர் செய்து, விளைச்சலிலிருந்து கடனைக் கட்டுவது.

சொல்லும்போது எளிதாகத் தெரிகிறது. செய்தவர்களுக்குத்தான் அதன் பாடு தெரியும். கூலிக்காரருக்குக் கடன் கொடுக்க வங்கிகள் தயங்கின. ஒரு பெரிய நிலத்தைச் சிறு துண்டுகளாகப் பதிந்தால் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் ஏழையின் தலையில் பெரும் பாரமாக விழுந்தன. கிருஷ்ணம்மாள் விடவில்லை. அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். ஆட்சியர்களைப் பார்த்தார், அமைச்சர்களைப் பார்த்தார், நிலச்சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையில் காத்திருந்தார். 2007ஆம் ஆண்டுக்குள் சுமார் 13,000 ஏக்கர், சுமார் 13,000 குடும்பங்களின் கைக்கு இப்படி மாறியிருந்தது. ஒரு சொட்டு இரத்தம் சிந்தாமல், 44 பேரை எரித்த அதே மண்ணில் நடந்த மாற்றம் இது.

இனி நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். அந்த நிலங்களை அவர் பெண்களின் பெயரில் பதியச் செய்தார்.

ஏன் பெண் பெயர்? ஆண் பெயரில் நிலம் இருந்தால் கடனுக்கும் குடிக்கும் அது அடகு போகும் ஆபத்து அதிகம் என்பதை அவர் கண்ணால் கண்டிருந்தார். பெண் கையில் இருந்தால் பிள்ளைகளின் சோறு முதலில் நிற்கும். இது ஒரு காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. நிலம் இல்லாத பெண்ணை நம் அரசு உழவர் என்று ஏற்றுக்கொள்வதே இல்லை. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வேண்டுமா, சிட்டாவும் அடங்கலும் கேட்பார்கள். பயிர்க் காப்பீடு வேண்டுமா, நில ஆவணம் வேண்டும். உழவர்களுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் மத்திய அரசின் உதவித்தொகையும் நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் கணக்குக்குத்தான் போகும். வாழ்நாளெல்லாம் வயலில் நின்றவள் பதிவேட்டில் ஒரு விவசாயியின் மனைவியாக, அல்லது கூலியாளாக மட்டுமே இருக்கிறாள். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் நிலத்தைத் தம் பொறுப்பில் வைத்துப் பயிர் செய்பவர்களில் பெண்கள் சுமார் 14 விழுக்காடுதான். வயலில் குனிந்து நிற்பவர்களை எண்ணிப் பாருங்கள், பதிவேட்டில் இருப்பவர்களையும் எண்ணிப் பாருங்கள். இடையில் உள்ள பள்ளம் எத்தனை பெரியது!

பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்ற குரல் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சம சொத்துரிமை கேட்டுத் தீர்மானம் போட்டது. அறுபது ஆண்டு கழித்து, 1989இல், தமிழ்நாடு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி மகளுக்கும் மகனுக்கும் பரம்பரைச் சொத்தில் சம பங்கு தந்தது. 2005இல் அது நாடு முழுமைக்கும் வந்தது. அந்தச் சட்டங்களுக்காகப் போராடியவர்களை நான் வணங்குகிறேன். ஆனால் ஒன்றை யோசியுங்கள். பங்கு கேட்க வேண்டுமானால் முதலில் வீட்டில் சொத்து இருக்க வேண்டும். ஒன்றுமில்லாத குடிசையில் பிறந்த மகளுக்கு வாரிசுரிமைச் சட்டம் எதைப் பிரித்துக் கொடுக்கும்? சட்டத்தின் கை எட்டாத அந்த இடத்தில்தான் கிருஷ்ணம்மாள் நின்றார். பிரித்துக்கொள்ள ஒன்றுமே இல்லாத பெண்களுக்கு ஓர் ஏக்கரை உருவாக்கிக் கொடுத்தார். பெண்ணுரிமையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அவருக்குத் தனி அத்தியாயம் ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஓர் ஏக்கர் என்ன செய்துவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. ஓர் ஏக்கரில் சம்பா ஒழுங்காக விளைந்தால் ஒரு குடும்பத்துக்கு ஆண்டு முழுவதும் சாப்பாட்டு நெல் குதிருக்குள் இருக்கும். வீட்டில் நெல் இருக்கும் பெண்ணால், குறைந்த கூலிக்கு வரமாட்டேன் என்று சொல்ல முடியும். வரம்பு மீறிப் பேசும் கங்காணியிடம் முகம் திருப்ப முடியும். பிள்ளையை வேலைக்கு அனுப்பாமல் பள்ளிக்கு அனுப்ப முடியும். வீட்டுக்குள்ளும் இதன் பலன் உண்டு. பொருளியல் அறிஞர் பீனா அகர்வாலும் பிரதீப் பாண்டாவும் திருவனந்தபுரம் மாவட்டத்துப் பெண்களிடம் ஓர் ஆய்வு நடத்தி 2005இல் வெளியிட்டார்கள். நிலமும் வீடும் சொந்தமில்லாத மணமான பெண்களில் 49 விழுக்காட்டினர் கணவனிடம் அடி வாங்கியிருந்தார்கள். நிலம் மட்டும் சொந்தமாக உள்ளவர்களில் இது 18 விழுக்காடு. நிலம், வீடு இரண்டும் சொந்தமாக உள்ளவர்களில் 7 விழுக்காடு. போவதற்கு ஓர் இடம் உள்ள பெண்ணின் மேல் கை ஓங்க ஆண் யோசிக்கிறான். அறிஞர்கள் கணக்கெடுத்துச் சொன்ன இந்த உண்மையைக் கிருஷ்ணம்மாள் கால் நூற்றாண்டுக்கு முன்பே கடைமடையில் நடைமுறைப்படுத்தத் தொடங்கியிருந்தார்.

நிலத்தோடு அவர் நின்றுவிடவில்லை. பாய் முடைதல், தையல், தச்சு, கொத்து வேலை, கணினி என்று இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் பயிற்சிக் கூடங்கள் நடத்தினார். ஒவ்வொரு மழைக்கும் கரையும் மண் குடிசைகள் அவர் மனத்தை வாட்டின. செங்கல் வீடு ஒவ்வொரு குடும்பத்துக்கும் என்பது அவருடைய முதுமைக் காலத்தின் பெரிய விருப்பமாக இருந்தது. 2004 சுனாமி நாகைக் கரையைச் சூறையாடியபோதும் அந்த மக்கள் பக்கத்தில்தான் இருந்தார்.

1990களில் வேறொரு ஆபத்து வந்தது. ஏற்றுமதிக்கான இறால் பண்ணைகளை நிறுவனங்கள் கடலோரத்தில் வெட்டின. உப்பு நீர் வயலில் இறங்கியது, குடிநீர்க் கிணறுகள் கரித்தன, கூலி வேலை போனது. நல்ல தண்ணீருக்கு வெகுதூரம் நடக்க வேண்டியவள் பெண் என்பதால் இது முதலில் பெண்களின் பிரச்சினை. ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். கிருஷ்ணம்மாள் பெண்களைத் திரட்டிக் கரையில் நின்றார். 1996 டிசம்பர் 11ஆம் நாள் தீர்ப்பு வந்தது. கடற்கரை ஒழுங்குமுறைப் பகுதிக்குள் கட்டப்பட்ட பண்ணைகளை அகற்ற வேண்டும், வேலையிழப்போருக்கும் பாதிக்கப்பட்டவர்களுக்கும் இழப்பீடு தர வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. பின்னர் 2005இல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புச் சட்டம் அந்தத் தீர்ப்பின் வலுவைக் குறைத்துவிட்டது. ஆனாலும் கூலிக்காரர் சார்பில் ஒரு முதியவர் தொடுத்த வழக்கு, நாட்டின் சூழல் வழக்குகளில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது.

இத்தனை போராட்டத்திலும் அவர் யாரையும் பகைவராக நினைக்கவில்லை. வள்ளலாரிடம் ஆழ்ந்த பற்று உடையவர் அவர். வடலூரில் 1867இல் தொடங்கிய தருமச்சாலையில் பசித்தவனைச் சாதி கேட்காமல் உட்கார வைத்துச் சோறு போட்டவர் வள்ளலார். பசியைப் போக்குவதே வழிபாடு என்ற அந்த மரபின் நேர்வாரிசு கிருஷ்ணம்மாள். விளக்கேற்றி, வேண்டுதல் செய்து, அதன் பிறகே போராட்டத்தைத் தொடங்குவார். எதிரே நிற்கும் மிராசுதாரின் மனம் இளகும் என்று உண்மையிலேயே நம்பினார். இதைச் சிலர் வெகுளித்தனம் என்பார்கள். நான் அப்படிக் கருதவில்லை. எதிரியை அவமானப்படுத்தாமல் தோற்கடித்ததால்தான், போராட்டம் முடிந்த பிறகும் அந்தப் பெண்கள் அதே ஊரில் அச்சமின்றி வாழ முடிந்தது. பெண்கள் நடத்தும் போராட்டத்துக்கு இது மிக முக்கியம். கூட்டம் கலைந்த பிறகு இரவில் தனியாக அந்த ஊரில் இருக்கப்போவது அவர்கள்தானே!

நாடு அவருக்கு 1989இல் பத்மஸ்ரீயும் 2020இல் பத்மபூஷணும் தந்தது. 2008இல் ஸ்வீடனின் வாழ்வுரிமை விருது கணவன், மனைவி இருவருக்கும் சேர்ந்து கிடைத்தது. இத்தாலிய எழுத்தாளர் லாரா கோப்பா அவர்களுடைய வாழ்க்கையைக் கேட்டு எழுதிய நூல் ‘சுதந்திரத்தின் நிறம்’ என்று தமிழில் வந்திருக்கிறது. உங்கள் நூலகத்தில் அது இருக்க வேண்டும். ஒவ்வொரு மாணவியும் அதைப் படிக்க வேண்டும்.

படித்துவிட்டு என்ன செய்வது? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நான் இறங்கக் கூடாது. மூன்று காரியங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, உங்கள் வீட்டு நிலமும் வீடும் யார் பெயரில் இருக்கின்றன என்று தெரிந்துகொள்ளுங்கள். மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் தெரிந்தால் பட்டாவை அரசின் இணையதளத்தில் கைப்பேசியிலேயே பார்க்கலாம். அம்மாவின் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஏன் இல்லை என்று வீட்டில் பேசுங்கள். பத்து இலட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு குறைவு என்று தமிழக அரசு 2025 ஏப்ரல் முதல் சலுகை தந்திருக்கிறது. இதை உங்கள் உறவினர்களுக்குச் சொல்லுங்கள்.

இரண்டாவது, நாளை உங்களுக்குத் திருமணம் ஆன பிறகு, அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடு என்று விடுதலைப் பத்திரத்தை உங்கள் முன் நீட்டுவார்கள். சீர் செய்தோம், நகை போட்டோம், படிக்க வைத்தோம் என்பார்கள். பிறந்த வீட்டுப் பாசம் அறுந்துவிடும் என்று அச்சுறுத்துவார்கள். சட்டம் தந்த பங்கை இப்படிக் கையெழுத்தில் இழந்த பெண்கள் நம் ஊர்களில் ஏராளம். அந்தப் பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். உங்கள் விருப்பம் இல்லாமல் எதையும் விட்டுக்கொடுக்காதீர்கள். பங்கு கேட்கும் தங்கை பாசமில்லாதவள் என்ற பொய்யை உங்கள் தலைமுறையோடு முடித்துவையுங்கள்.

மூன்றாவது, சொத்தே இல்லாத பெண்களை மறந்துவிடாதீர்கள். இந்தக் கல்லூரியைச் சுற்றியுள்ள ஊர்களில் தலைமுறையாகக் குடியிருந்தும் வீட்டுமனைப் பட்டா இல்லாத குடும்பங்கள் இருக்கும். கணவன் இறந்த பின் பட்டா மாறுதலுக்கு மனு எழுதத் தெரியாமல் தவிக்கும் பெண்கள் இருப்பார்கள். நாட்டு நலப்பணித் திட்டத்தில் மரம் நடுகிறீர்கள், தெரு கூட்டுகிறீர்கள், நல்லது. அதோடு, ஒரு கிராமத்தை எடுத்துக்கொண்டு அங்குள்ள பெண்களின் நில ஆவணங்களைச் சரிசெய்ய உதவுங்கள். மனு எழுதிக் கொடுங்கள், கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் கூடப் போங்கள், பெயர் ஏறும்வரை விடாதீர்கள்.

கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் 13,000 குடும்பங்களுக்குச் செய்ததை நாம் ஒவ்வொருவரும் ஒரு குடும்பத்துக்காவது செய்யலாம். அவர் பெயரைச் சொல்லி மாலை போடுவதைவிட, ஏழைப் பெண் ஒருத்தியின் பெயரைப் பட்டாவில் ஏற்றுவதே அவருக்கு நாம் செய்யும் உண்மையான மரியாதை. அந்த வேலையை இந்த வாரமே தொடங்குங்கள்.